தோப்பு வேலைக்கு டிராக்டர்: எச்.பி.க்கு முன்னால் எடையைப் பாருங்கள்

கேள்வி: எங்களுக்கு எட்டு ஏக்கர் நிலம். அதில் ஐந்து ஏக்கர் அடர்ந்த மரங்கள். விழுந்த மரங்களை இழுத்து வருவது, விறகு சுமப்பது, பாதைகளில் புதர் வெட்டுவது, வீட்டுக்கு வரும் மண்சாலையில் சரளை நிரவுவது, இவ்வளவுதான் வேலை. உழவு கிடையாது. 25 எச்.பி. போதும் என்கிறார் ஒரு நண்பர். 40க்குக் கீழே வாங்கினால் வருத்தப்படுவாய் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவரும் தப்பான எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். எச்.பி. என்பது எஞ்சின் மூடியில் பெரிதாக ஒட்டிவைக்க வசதியான எண். உங்கள் வேலைக்கு அதைவிட முக்கியமான எண் விவரத்தாளின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும்: வண்டியின் எடை.

மரத்தை இழுக்கும்போது முதலில் தோற்பது எஞ்சின் இல்லை, டயர். எஞ்சினில் இன்னும் தெம்பு இருக்கும்போதே டயர் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்துவிடும். நல்ல தரையில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி தன் எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்கு இழுவிசை தரும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சேறாக இருந்தால் அதுவும் கிடைக்காது. அதே 25 எச்.பி. எஞ்சினை 700 கிலோ வண்டியிலும் வைக்கிறார்கள், 1,200 கிலோ வண்டியிலும் வைக்கிறார்கள். விளம்பரத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். தோப்புக்குள் போனால்தான் வித்தியாசம் புரியும்.

உங்கள் மரத்தின் எடையையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சென்டிமீட்டர் தடிமன், 3 மீட்டர் நீளம் உள்ள ஒரு கட்டையின் கன அளவு சுமார் 0.38 கன மீட்டர். பச்சை மரம் பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்கு 800 முதல் 1,000 கிலோ வரை இருக்கும். ஆக, பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் அந்தக் கட்டை 300 கிலோவைத் தாண்டும். ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு இழுத்தால் சின்ன வண்டியும் சமாளிக்கும். முழுசாகத் தூக்கி டிரெய்லரில் வைக்க வேண்டும் என்றால் லோடரின், அதாவது வண்டியின் முன்னால் மாட்டும் தூக்கும் கையின், பலம் வேண்டும். அங்கேதான் விவரத்தாளில் ஒரு தந்திரம். லோடர் தூக்கும் எடையைப் பல நேரம் பக்கெட் மாட்டும் இரும்பு முளையில் அளந்துதான் எழுதியிருப்பார்கள். நீங்கள் தூக்கும் கட்டையோ முளைக்கு அரை மீட்டர் முன்னால் இருக்கும். பக்கெட்டோ கவ்வியோ, மாட்டிய கருவியின் எடையும் அதிலேயே கழிந்துவிடும். 400 கிலோ என்று போட்டிருந்தால் கையில் கிடைப்பது 250 இருந்தாலே பெரிது.

எச்.பி. எங்கே முக்கியம் என்றால், பி.டி.ஓ.வில், அதாவது எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டில், ஓடும் கருவிகளுக்கு. புதர் வெட்டும் கருவிக்கு, ஒரு அடி அகலத்துக்கு 5 எச்.பி. என்பது பழகிய கணக்கு. நாலு அடி என்றால் 20, ஐந்து அடி என்றால் 25. இது பி.டி.ஓ.வில் வந்து சேரும் எச்.பி., எஞ்சின் எச்.பி. இல்லை. 25 எச்.பி. எஞ்சினிலிருந்து பி.டி.ஓ.வுக்கு வருவது 18 முதல் 21 வரைதான். உங்கள் பாதைகளுக்கு நாலு அடிக் கருவியே தாராளம்.

பல மாடல்களில் 24.7, 24.8 என்று விசித்திரமான எச்.பி. எண்களைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 19 கிலோவாட், அதாவது சுமார் 25 எச்.பி.க்கு மேல் போனால் டீசல் புகை விதிகள் இறுகிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டிய எஞ்சின்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அது சேர்த்துவைத்த கரியை எரிக்க நல்ல சூடு வேண்டும். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டுவது, நிறுத்துவது, எஞ்சினைச் சும்மா உறுமவிட்டு இறங்கி மரம் அறுப்பது என்று வேலை செய்பவர்களுக்கு அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். தோப்பு வேலை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

என் தேர்வைக் கேட்டால்: லோடர் இல்லாமலே 1,100 முதல் 1,400 கிலோ எடை, 25ஐ ஒட்டிய எஞ்சின், நாலு சக்கர இழுவை. சின்ன எஞ்சின் வைத்த பெரிய உடம்பு. 40 எச்.பி. வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள், கடைக்குப் போவதற்கு முன்னால் தோப்பில் மிகக் குறுகலான இடத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். வண்டியின் அகலத்தை விட, முன்னால் மாட்டிய பக்கெட்டின் அகலம்தான் இரண்டு மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைக் கருவிகளுக்கு ஒதுக்கி வையுங்கள். நான் முதல் வண்டி வாங்கியபோது லோடரோடு வந்த பக்கெட் போதும் என்று இருந்துவிட்டேன். பக்கெட்டில் நாலு கட்டையை அடுக்கி, பள்ளமான பாதையில் வந்தால், வீடு வந்து சேரும்போது இரண்டு இருக்கும். மற்ற இரண்டையும் தேடி நடந்து போக வேண்டும். ஒரு வருடம் கழித்து முன்னால் மாட்டும் ஃபோர்க் வாங்கினேன். இப்போது பக்கெட்டைச் சரளைக்கு மட்டும்தான் மாட்டுகிறேன். கவ்வி வேண்டும் என்று நினைத்தால், அதை இயக்கும் கூடுதல் ஹைட்ராலிக் இணைப்பை வண்டி வாங்கும்போதே போடச் சொல்லிவிடுங்கள். பிறகு போட்டால் கூலியும் சேரும்.

கேள்வி: ஹைட்ரோஸ்டாடிக் வேண்டுமா, கியர் போதுமா? ஹைட்ரோஸ்டாடிக் சோம்பேறிகளுக்கு என்கிறார் என் மாமா.

பதில்: ஹைட்ரோஸ்டாடிக் என்றால் கியர் மாற்றாமல், மிதியை அழுத்தியே முன்னும் பின்னும் ஓட்டும் வண்டி. உங்கள் மாமா உழவு ஓட்டியவராக இருப்பார். நாள் முழுக்க ஒரே வேகத்தில் நேராகப் போகும் வேலைக்கு கியர்தான் சிக்கனம். எஞ்சின் சக்தி வீணாவதும் குறைவு, விலையும் குறைவு. லோடர் வேலை அப்படி இல்லை. முன்னால் ஒரு அடி, பின்னால் இரண்டு அடி, மறுபடி முன்னால் அரை அடி. கியர் வண்டியில் ஒவ்வொரு தடவையும் கிளட்ச் மிதித்து மிதித்து மதியத்துக்குள் இடது முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். ஹைட்ரோஸ்டாடிக்கில் மிதியை லேசாக அழுத்தி மரங்களுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து போகலாம், அது பாதுகாப்பும்கூட. தோப்புக்கு ஹைட்ரோஸ்டாடிக்தான். அதன் எண்ணெயையும் ஃபில்டரையும் கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் மாற்றிவிட வேண்டும், அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

கேள்வி: டிராக்டரில் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவு கிளைகளில் இடித்துக்கொண்டே இருக்கிறது. கழற்றிவிடலாம் என்கிறார் என் கணவர். மெதுவாகத்தானே போகிறோம் என்கிறார். சரியா?

பதில்: கழற்ற வேண்டாம், அம்மா. கிளையை வெட்டச் சொல்லுங்கள்.

அந்த வளைவு வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் சட்டம். புதிய டிராக்டர்களில் அது இருந்தே ஆக வேண்டும் என்று சுவீடன் 1959லேயே சட்டம் போட்டது. வளைவு நிமிர்ந்து நிற்கும்போது சீட் பெல்ட் போட வேண்டும். பெல்ட் இல்லாவிட்டால் கவிழும்போது ஆள் வெளியே விழுந்து அதே வளைவுக்கு அடியில் சிக்கலாம். மடக்கும் வளைவு என்றால், தாழ்வான இடத்தைக் கடக்க மட்டும் மடக்குங்கள், கடந்ததும் நிமிர்த்துங்கள். மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக்கூடாது.

மெதுவாகப் போனால் கவிழாது என்பது மரம் இழுப்பவர்களுக்குப் பொருந்தாது. எனக்கே நடந்தது. அடிமரம் ஒன்றைச் சங்கிலியால் கட்டி, சங்கிலியின் மறுமுனையைப் பின்னால் இருக்கும் மேல் இணைப்பில், அதாவது டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கோத்துவிட்டேன். கைக்கு எட்டியது அதுதான். நடந்து போகும் வேகம்கூட இல்லை. மரத்தின் முனை ஒரு வேரில் முட்டி நின்றது, டயர் சுற்றவில்லை, முன்பக்கம் மேலே எழுந்தது. முன்சக்கரங்களுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. கிளட்ச்சை மிதித்ததால் தொப்பென்று தரைக்கு வந்தேன். யோசித்து மிதிக்க நேரமே இல்லை, கால் தானாகப் போனது. பின்சக்கர அச்சுக்கு மேலே எங்கே கட்டி இழுத்தாலும் இதுதான் நடக்கும். சங்கிலியை அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டும் மாட்டுங்கள்.

மரம் அதிகம் இழுப்பவர்கள் பி.டி.ஓ.வில் ஓடும் வின்ச் வாங்குவது நல்லது. வண்டி பாதையிலேயே நிற்கும், வின்ச்சின் அடித்தட்டு மண்ணில் ஊன்றிக்கொள்ளும், கம்பி வடம் மட்டும் உள்ளே போய் மரத்தை இழுத்து வரும். வண்டி காட்டுக்குள் நுழையாததால் மரங்களின் வேரும் மிதிபடாது. இழுக்கும்போது வடத்தின் நேரில் யாரும் நிற்கக்கூடாது.

இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அந்த வளைவு கவிழ்வதிலிருந்துதான் காக்கும், மேலிருந்து விழும் கிளையிலிருந்து காக்காது. அதற்குத் தலைக்கு மேல் கூரையாக வரும், அதற்கென்றே சோதித்த கட்டமைப்பு வேண்டும். பட்டுப்போன மரத்தை லோடரால் முட்டித் தள்ளுவது பலருக்கும் பிடித்த வேலை. அடி அசையும்போது காய்ந்த உச்சி ஒடிந்து, நேராக ஓட்டுபவர் தலைமேல் வரும். பி.டி.ஓ. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

கேள்வி: டயரில் மூன்று வகை சொல்கிறார்கள். எது?

பதில்: புல்தரை டயரான ஆர்3ஐ மறந்துவிடுங்கள். ஆழமான பட்டை உள்ள ஆர்1 சேற்றில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பக்கச்சுவர் மெலிது. வெட்டிய புதரின் கூரான அடிக்கட்டை குத்துவது பெரும்பாலும் அந்தப் பக்கச்சுவரில்தான். ஆர்4 கொஞ்சம் தடித்த தோல், லோடர் பாரத்தையும் தாங்கும், சேற்றில் சுமார். தரை பெரும்பாலும் காய்ந்திருந்தால் ஆர்4, வருடத்தில் பாதி நாள் ஈரம் என்றால் ஆர்1. பின் டயர்களில் தண்ணீர் நிரப்பினால் எடை கீழேயே சேரும், உறையும் குளிர் உள்ள இடமென்றால் உறையாத திரவம். லோடரில் பாரம் தூக்கும்போது அது போதாது, பின்னால் ஒரு எதிர் எடையும் தொங்க வேண்டும்.

கேள்வி: 12 வருடப் பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது. மீட்டரில் 420 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. புதிதாக வண்ணம் அடித்து மினுமினு என்று இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: மினுமினுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணெய் கசிந்த இடமும் வெல்டிங் வைத்த இடமும் வண்ணத்துக்கு அடியில் போயிருக்கும். பழைய வண்டி பழையதாகத் தெரிவதுதான் மரியாதை.

மணி மீட்டரை மாற்றலாம், மிதியின் ரப்பரை மாற்ற யாருக்கும் தோன்றாது. பிரேக் மிதியைப் பாருங்கள். 420 மணி நேரத்தில் ரப்பரின் வரிகள் அழிந்து வழுவழு என்று ஆகாது. லோடரின் முளைத் துளைகளைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் நல்லது, முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். பின்னால் கனமான கருவி ஒன்றை மாட்டி, மேலே தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பேசிக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடத்தில் பாதிக்கு இறங்கிவிட்டால் ஹைட்ராலிக் செலவு காத்திருக்கிறது. அளவுகோல் குச்சியில் எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

இன்னொரு நாட்டுச் சந்தைக்காகச் செய்து, அங்கே ஓடி, பிறகு இறக்குமதியான வண்டியா என்றும் கேளுங்கள். ஜப்பானிலிருந்து அப்படி நிறைய போகின்றன. நல்ல வண்டிகள்தான். ஆனால் எச்சரிக்கை ஒட்டல்கள் ஜப்பானிய மொழியில் இருக்கும், பாதுகாப்பு வளைவு இல்லாமல் வரலாம், உதிரிபாகம் கேட்டால் விற்பனையாளர் கையை விரிக்கலாம். மாடல் எண்ணைச் சொல்லி, கிளட்ச் தட்டும் ஹைட்ராலிக் ஃபில்டரும் எத்தனை நாளில் வரும் என்று உதிரிபாகக் கடையில் கேட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

பார்க்கப் போவதற்கு முந்தின நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. போனதும் முதலில் எஞ்சின் மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதை மறைக்கப் பார்க்கிறாரோ என்னவோ, திரும்பிவிடலாம்.