எல்எஸ்50க்கு சப் போடலாமா?

கேள்வி: கேஇஎஃப் எல்எஸ்50 ஸ்பீக்கர் ஜோடி வாங்கி ஸ்டாண்டுல வெச்சிருக்கேன் சார், ரூம் 12க்கு 10 அடி. குரலும் வீணையும் அள்ளுது, ஆனா பேஸ் கிட்டார் வந்தா அடியில ஒண்ணுமே இல்ல. கடைக்காரர் 12 இன்ச் சப் (அடி பேஸுக்குன்னே இருக்கற சப்வூஃபர்) எடுங்கறார், ஃப்ரெண்டு சப் போட்டா ஹைஃபையே போச்சுங்கறான். யார் பேச்ச கேக்கறது?

பதில்: ஃப்ரெண்டுகிட்ட மொதல்ல இத சொல்லுங்க, பிபிசிக்காக டிசைன் பண்ண எல்எஸ்3/5ஏங்கற குட்டி ஸ்பீக்கர சுத்த ஹைஃபை ஆளுங்க தலைல தூக்கி வெச்சு ஆடறாங்கல்ல, அதுக்கே ரோஜர்ஸ் கம்பெனி ஏபி1னு ஒரு பேஸ் பாக்ஸ் வித்துது. உங்களோடது 5.25 இன்ச் கோன், கம்பெனி ஸ்பெக்லயே 79 ஹெர்ட்ஸ்ல 3 டெசிபல் இறங்கிடும், பேஸ் கிட்டாரோட அடி நோட்டோ 41 ஹெர்ட்ஸ். ஒரு ஆக்டேவ் (அதாவது பாதி ஹெர்ட்ஸுக்கு) கீழ போயி அதே சத்தம் வேணும்னா கோன் நாலு மடங்கு ஆடணும், பாக்ஸ்ல இருக்கற ஓட்டை, அதான் போர்ட், கொஞ்சம் கைகுடுக்கும், போர்ட் கைகுடுக்கற அளவுக்கும் கீழ போனா கோன் சும்மா அலையும். அதனால ஆம்ப்ல ஹைபாஸ் (அடி சத்தத்த ஸ்பீக்கருக்கு விடாம தடுக்கற வசதி) இருந்தா 80 ஹெர்ட்ஸ்ல வெட்டிடுங்க, அதுக்கு கீழ சப் பாத்துக்கும், நடு குரலே இன்னும் தெளிவாகும். சப் வாங்கறதுல பாதி லாபம் இதுதான், ஆனா யாரும் சொல்றதில்ல.

ஹைபாஸ் இல்லாத வெறும் ஸ்டீரியோ ஆம்ப்னா, ஸ்பீக்கர் டெர்மினல்லேர்ந்தே வயர் எடுக்கற ஹைலெவல் இன்புட் உள்ள சப்பா பாத்து வாங்கி, சப்போட கட்டாஃப (எந்த ஹெர்ட்ஸுக்கு கீழ சப் பாடணும்ங்கற அளவு) 60 ஹெர்ட்ஸ் கிட்ட வெச்சு ஆரம்பிங்க.

12 இன்ச் உங்க ரூமுக்கு வேண்டாம், 10 இன்ச் சீல்டு பாக்ஸ் (போர்ட் ஓட்டை இல்லாம மூடினது) தாராளம். ஏன்னா 12 அடி நீளத்துல 47 ஹெர்ட்ஸ் கிட்ட வர்ற நோட்ட ரூமே ஊதிப் பெருசாக்கும், சுவத்த ஒட்டி உக்காந்தா அந்த நோட் குமுறும், நட்ட நடுவுல உக்காந்தா காணாமயே போயிடும், இதுக்கு எவ்ளோ பெரிய சப் போட்டாலும் வைத்தியம் ஆகாது (வாடகை வீடுன்னா ஓனர்தான் மேல வருவார்).

சப்ப நீங்க உக்கார்ற சோஃபா மேல வெச்சு ஒரு பேஸ் லைன ஓட விடுங்க, நீங்க சுவரோரமா தவழ்ந்துகிட்டே கேளுங்க. வீட்ல சிரிப்பாங்க, பரவால்ல. எங்க எல்லா நோட்டும் ஒரே அளவா கேக்குதோ சப் அங்க போகட்டும். அப்புறம் சப் பின்னாடி இருக்கற ஃபேஸ் ஸ்விட்ச (சப்போட அசைவ ஸ்பீக்கரோட சேர்க்கறது) 0லயும் 180லயும் மாத்திப் பாருங்க, உக்கார்ற எடத்துல எதுல பேஸ் நல்லா நெறைஞ்சு வருதோ அத வெச்சுட்டு, வால்யூம உங்க ஆசைக்கு ரெண்டு கோடு கம்மியாவே வைங்க.