பிடிபட்டது 60 கிராம், பயப்பட வேண்டியது செல்போனுக்கு

ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 23 வயது. படிப்பை முடித்துவிட்டு ஒரு குடோனில் வேலை. மூன்று வருடமாகக் கஞ்சாப் பழக்கம். இரண்டு மாதம் முன்பு இரவு, நண்பர்கள் இருவரோடு மைதானத்தில் உட்கார்ந்திருந்தவனைப் போலீஸ் பிடித்தது. பையில் 60 கிராம். எஃப்.ஐ.ஆர். போட்டு ஜாமீனில் விட்டார்கள். அன்றிலிருந்து எஸ்.ஐ. வாரம் ஒருமுறை போன் செய்து, "போனை எடுத்துக்கிட்டு வா, யார்கிட்ட வாங்குறேன்னு காட்டு, உன் கேஸை முடிச்சு விடுறேன்" என்கிறார். ஒரு வக்கீல், "குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது அம்மாவின் கேள்வி.

அம்மா, உங்கள் கடிதம் ஆறு பக்கம். தெருவே பார்க்க மகன் கன்னத்தில் அறை வாங்கியது, கூட இருந்த வசதியான வீட்டுப் பையன் பெயர் எஃப்.ஐ.ஆரில் இல்லாமல் போனது, பழக்கிவிட்டவன் இன்றும் பைக்கில் சுற்றுவது என்று ஐந்து பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் நடந்திருக்கும், நம்புகிறேன். ஆனால் வழக்கைத் தீர்மானிக்கப் போவது நாலாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "சனிக்கிழமை ஆனா பசங்க இவன் நம்பருக்கு ஜிபே போடுவாங்க, இவன்தான் போய் வாங்கிட்டு வருவான்."

கையில் இருந்த 60 கிராமைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா 1 கிலோ வரை 'சிறிய அளவு'. பிரிவு 20-ன்படி அதிகபட்சம் ஒரு வருடம் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தாங்கக்கூடிய வழக்குதான். என் கவலை எல்லாம் அந்த ஜிபே வரியைப் பற்றித்தான். இப்போதைக்கு உங்கள் மகன் பழக்கத்துக்கு ஆளானவன். அவனை விற்றவனாகவும் கூட்டாளியாகவும் மாற்றும் சாட்சி போலீஸிடம் இன்னும் முழுதாக இல்லை. அது இருப்பது அவன் சட்டைப்பையில் உள்ள போனில். அதைத்தான் வாரா வாரம் "எடுத்துக்கிட்டு வா" என்கிறார்கள்.

வீட்டில் யாரும் யோசிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. மகனுக்குக் கொடுத்தவனிடம் நாளைக்கு 22 கிலோ பிடிபடுகிறது என்று வையுங்கள். கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல் போனால் 'வணிக அளவு', குறைந்தபட்சமே 10 வருடம். அவன் போனில் உங்கள் மகன் நம்பர், மகன் கணக்கிலிருந்து வாரா வாரம் போன பணம், மகன் கணக்குக்கு நாலு பேரிடமிருந்து வந்த பணம். இதை வைத்துப் பிரிவு 29, அதாவது கூட்டுச்சதி, சேர்த்தால் மகன் அந்த 22 கிலோ வழக்கில் ஐந்தாவது எதிரி. சதிக்கும் மூலக் குற்றத்துக்கும் ஒரே தண்டனை. பிரிவு 37 வந்துவிட்டதால், குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். குற்றப்பத்திரிகை போடுவதற்கே போலீஸுக்கு 180 நாள் இருக்கிறது. கடைசியில் விடுதலை ஆகலாம். பணம் கொடுத்து வாங்கினான் என்பது மட்டும் சதி ஆகாது என்று நானே வாதாடுவேன், ஜெயிக்கவும் வாய்ப்பு உண்டு. அதுவரை பையன் உள்ளே இருப்பான்.

அடுத்தது 'காட்டிக்கொடு, முடித்து விடுகிறேன்' என்கிற பேச்சு. என்னிடம் வந்த குடும்பங்கள் அதிகமாக விழுந்த குழி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு பையனின் அப்பா வந்தார். பையன் பழக்கத்தில் இருந்தவன், வியாபாரி இல்லை. ஸ்டேஷனில் உட்கார வைத்து, "அவனுக்குப் போன் போட்டு 2 கிலோ வேணும்னு கேளு" என்றிருக்கிறார்கள். எதிர்முனைக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று ஸ்பீக்கரில் போட்டு, வாட்ஸ்அப்பிலும் ஒரு மெசேஜ் அனுப்ப வைத்தார்கள். வியாபாரி சிக்கினான். ஆறு மாதம் கழித்து அந்த வழக்கு வேறொரு அதிகாரி கைக்குப் போனது. கோப்பில் இருந்ததோ, பையன் நம்பரிலிருந்து போன அழைப்பும் '2 கிலோ வேணும்' என்ற மெசேஜும் மட்டும். போலீஸ் சொல்லித்தான் செய்தான் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சொன்ன எஸ்.ஐ. மாற்றலாகிப் போயிருந்தார். பையன் ரிமாண்ட் ஆனான். அவன் அப்பா என் மேசை முன்னால் உட்கார்ந்து, "அவரு வார்த்தை கொடுத்தாரு சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வார்த்தைக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. சாட்சியத்துக்காக ஒருவருக்கு வழக்கிலிருந்து விலக்கு கொடுக்கும் அதிகாரம் பிரிவு 64-ல் இருக்கிறது. கொடுக்க வேண்டியது மத்திய அரசோ மாநில அரசோ, அதுவும் காரணத்தை எழுத்தில் பதிந்து. எஸ்.ஐ. நல்ல மனிதராகவே இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தன்னிடம் இல்லாத ஒன்றை அவரால் கொடுக்க முடியாது. பொருள் பிடிபட்டு, மகஜர், அதாவது பறிமுதல் விவரக் குறிப்பு, எழுதி, மாதிரி ஆய்வகத்துக்குப் போன வழக்கை அவர் நினைத்தாலும் கிழித்துப் போட முடியாது. அப்புறம், காட்டிக்கொடுத்தவன் அதே தெருவில்தான் வாழ வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

"போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாதாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். தூஃபான் சிங் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. பிரிவு 67-ன் கீழ் அதிகாரி எழுதி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு உதவுவது பெரும்பாலும் கோர்ட் விசாரணைக் கட்டத்தில். அதற்கு முன்பே கைது நடந்துவிடும். போதாததற்கு, வாய் சொன்னது செல்லாமல் போனாலும் போன் சொல்வது தனிச் சாட்சி. பணப் பரிமாற்றம் வங்கியிலிருந்தே வந்துவிடும். ஆகவே 'சொன்னால் என்ன, செல்லாதே' என்று அவனை அனுப்பாதீர்கள்.

வாய்மொழியாகக் கூப்பிட்டால், "நோட்டீஸ் கொடுங்கள் சார், வக்கீலோடு வருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லட்டும். எழுத்தில் நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும், போகாததே கைதுக்குக் காரணமாகிவிடும். வக்கீலை உள்ளே முழு நேரமும் உட்கார விடமாட்டார்கள். பரவாயில்லை, வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதே பேச்சின் தொனியை மாற்றும். போனை முறைப்படி பறிமுதல் செய்தால் கொடுத்துவிட்டு மகஜர் நகல் கேட்கட்டும். தானே திறந்து நீட்ட வேண்டியதில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது. தன் மீதே குற்றம் சேரும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அரசியல் சாசனத்தின் 20(3) இடம் தருகிறது. ஆனால் பொய் சொல்ல வேண்டாம். முக்கியமாக, போனில் எதையும் அழிக்க வேண்டாம். உங்கள் மருமகன் "எல்லாத்தையும் டெலிட் பண்ணிடலாம்" என்றாராம். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். அழித்தது எதிர்முனைப் போனில் அப்படியே இருக்கும். ஒரு வருட வழக்கில் இருப்பவன் அதை ஏன் செய்ய வேண்டும்?

சரி, அபராதம் கட்டும் யோசனைக்கு வருவோம். ஒரே நாளில் முடியும், செலவு குறைவு, உண்மைதான். ஆனால் குற்றத்தை ஒத்துக்கொண்டு கட்டும் அபராதம் தண்டனைத் தீர்ப்பு. அரசு வேலை, போலீஸ் சரிபார்ப்பு என எல்லா விண்ணப்பத்திலும் அதை எழுத வேண்டும். மறைத்தால் அதற்காகவே வேலை போகலாம். மறுபடி இதே சட்டத்தில் இதே அளவு தண்டனைக்குரிய குற்றத்தில் மாட்டித் தண்டனை வந்தால் பிரிவு 31-ன்படி உச்ச தண்டனை ஒன்றரை மடங்காகும். பழக்கம் விடாத பையன் மறுபடி மாட்டமாட்டான் என்று யாரால் உத்தரவாதம் தர முடியும்?

நீங்களும் அந்த வக்கீலும் விட்டுவிட்ட வழி பிரிவு 64ஏ. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் இருந்தால், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்கு வழக்கு நடத்த முடியாது. பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். சட்டம் எழுதியவர்கள் பயன்படுத்துபவரை நோயாளியாகப் பார்த்த அபூர்வமான இடம் இது. இதைக் கேட்டு வருபவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

இதிலும் ஒரு குழி உண்டு. ஒரு குடும்பம் மகனைத் தூக்கத்தில் எழுப்பி, வேனில் ஏற்றி, ஊருக்கு வெளியே பூட்டிய கேட்டுக்குள் நாலு மாதம் வைத்திருந்தது. லட்சக்கணக்கில் செலவு. கோர்ட்டில் கொடுத்த சான்றிதழில் அங்கீகார எண் இல்லை. அவன் தானாகப் போகவும் இல்லை. 64ஏ-க்கு அந்தக் காகிதம் உதவவில்லை. உங்கள் மகன் தன் காலால் நடந்து போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவே போதும். எந்த மையம் என்று தெரியாவிட்டால் 14446-க்குக் கூப்பிடுங்கள், அது போதை மீட்புக்கான தேசிய உதவி எண். ஓபி சீட்டில் 'சார்ந்திருப்பு' என்று மருத்துவர் எழுத வேண்டும், ஏனென்றால் எப்போதாவது இழுப்பவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே பதிந்தால் போலீஸுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படாதீர்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நோயாளியின் விவரத்துக்கு ரகசியக் காப்பு இருக்கிறது.

ஆகவே என் யோசனை, சண்டையைச் சுருக்கிக் கொள்ளுங்கள். எஸ்.ஐ. மீது புகார், எஃப்.ஐ.ஆரில் விட்டுவிட்ட வசதியான வீட்டுப் பையனையும் சேர்க்கச் சொல்லி மனு, இரண்டும் இப்போது வேண்டாம். அந்தப் பையனை இழுத்தால் அவன் வக்கீல் முதலில் காட்டப்போவது அவன் உங்கள் மகனுக்குப் போட்ட ஜிபே ரசீதைத்தான். நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம், ஆனால் அந்த மனு உங்கள் மகனை விற்றவனாக்கும். சனிக்கிழமை வசூல் இந்த வாரமே நிற்கட்டும். திங்கட்கிழமை மருத்துவமனை, சீட்டு கையில் வந்ததும் 64ஏ மனு. அது பலிக்காமல் தண்டனை வரை போனாலும், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிப் பிரிவு 39-ல் கேட்கலாம்.

அறை வாங்கியதை மறக்கச் சொல்லவில்லை. மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவத்திலிருந்து ஒரு வருடம் வரை நேரம் இருக்கிறது, இரண்டு மாதம்தான் போயிருக்கிறது. அன்று காது வலிக்கிறது என்று அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சீட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். 64ஏ மனுவில் உத்தரவு வந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.