அவன் அப்பாவையும் கூப்பிடுங்கள்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடம் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன், கோபம் வந்தால் கையைக் கீறிக்கொள்கிறான். அப்பா விசைப்படகுக்குப் போகிறவர். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மா ஏர்வாடி தர்காவுக்கும் கூட்டிப்போகிறார். தினமும் காலையில் வகுப்பிலேயே சட்டைக் கையை மடிக்கச் சொல்லிப் பார்த்துவிடுகிறேன். உணர்ச்சிகளைக் கையாளும் பயிற்சியை வாரம் ஒரு பீரியட் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடத்தலாமா? செல்போன்தான் இதற்கெல்லாம் காரணமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் நான் தாண்டிப் போக முடியாத வரி அந்தச் சட்டைக் கைதான். இன்றோடு நிறுத்துங்கள். வகுப்பே பார்க்க ஒரு பிள்ளை தன் தழும்பைக் காட்ட வேண்டும் என்றால், நாளைக்கு அவன் யார் கண்ணிலும் படாத இடத்தில் கீறிக்கொள்வான். அப்புறம் உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அக்கறையில்தான் செய்தீர்கள், புரிகிறது. ஆனால் அவனுக்கு அது தண்டனை. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். எந்நேரமும் 14416 டெலி மானஸ் இருக்கிறது, அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

செல்போன் பேச்சை விடுங்கள். ஏர்வாடிக்கும் போகட்டும், மாத்திரையை நிறுத்தாமல் போகட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோய்க்காகக் காப்பகத்தில் விடப்பட்டு, சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் கருகிய ஊர் அது. இன்று அந்தத் தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் பார்க்கிறார்கள். மருந்தா, துவா என்கிற பிரார்த்தனையா என்று அந்தத் தாயை இழுபறியில் நிறுத்தாதீர்கள்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் 1993இல் நூலாக்கிய டிபிடி (Dialectical Behavior Therapy) என்ற மனநலச் சிகிச்சை முறையில், உணர்ச்சிகளைக் கையாள நல்ல உத்திகள் உண்டு. கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அரை நிமிடம் அமிழ்த்தச் சொல்வார்கள். இதயத் துடிப்பு தணியும். கீழக்கரையில் சங்கு குளிக்கிறவர் உடம்பிலும் நடப்பது இதுதான். இதய நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. இதையெல்லாம் மனம் அமைதியாக இருக்கும்போதே பழக வேண்டும், சண்டைக்கு நடுவில் சொல்லிக்கொடுத்தால் ஏறாது.

ஆனால் இந்த முறையை அலெக் மில்லர், ஜில் ராத்தஸ் என்ற உளவியலாளர்கள் வளரிளம் பருவத்தினருக்காக மாற்றியபோது பெற்றோரையும் அதே வகுப்பில் உட்காரவைத்தார்கள். அதைத்தான் நம் ஊர்ப் பயிற்சிகளில் முதலில் கழற்றிவிடுகிறோம். ஆஸ்திரேலியாவில் 1,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2023இல் வெளியானது. டிபிடியைத் தழுவிய பாடத்தை 8 வாரம் வகுப்பு முழுவதற்கும் நடத்தினார்கள். படித்த பிள்ளைகளுக்குப் பெற்றோருடனான உறவு, படிக்காதவர்களைவிட மோசமாகிவிட்டது. வீட்டில் பழகிப்பார்த்தவர்கள் மட்டும் கொஞ்சம் தேறினார்கள். உங்கள் பீரியட் நல்லதுதான், ஆனால் மணி அடித்ததும் அவன் போகிற இடம் வீடு.

என் மாமா பாம்பனில் விசைப்படகுக்குப் போனவர். ஒருமுறை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. அவர் மகனுக்குப் பதினைந்து வயது. வந்தவர்கள் எல்லாம், "இனி வீட்டுக்கு நீதான்டா ஆம்பளை" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ராத்திரி அவன் விசும்பினால் அத்தை, "உனக்கென்னடா கவலை, சாப்பிட்டுப் படு" என்பார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தான். அடுத்து, அப்பா கடலுக்கு எடுத்துப்போகும் டார்ச் லைட்டை உடைத்தான். அப்புறம் தன் கை முட்டியையே சுவரில் குத்திக் கிழித்துக்கொண்டான். அவனைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். அவன் பயந்துபோயிருந்தான், டீச்சர். அந்தப் பயத்தை அந்த வீட்டில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. அத்தைக்கும் அதே பயம்தான். "எனக்கும் பயமாத்தான்டா இருக்கு, இங்க வந்து உட்காரு" என்று ஒருநாள் சொல்லியிருந்தால் போதும். தட்டை உடைத்தது சரி என்று சொல்ல வேண்டியதில்லை. உனக்குப் பயம் வந்ததில் தப்பில்லை என்று சொன்னால் போதும். டிபிடி வகுப்பில் பெற்றோருக்குச் சொல்லித்தருவதும் இதுதான். மாமா திரும்பி வந்த பிறகும் மகனோடு உட்கார்ந்து அதைப் பேசியதே இல்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் மனசு விட்டுப் பேசுவதில்லை.

அப்பா கடலுக்குப் போகிறவர், அவர் எங்கே வரப்போகிறார் என்பீர்கள். வருவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில்தான் நிற்கும். ஜூனில் பள்ளி திறந்தவுடன் கூப்பிடுங்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்றால், படகு போகாத நாளாகப் பாருங்கள். வந்தவரிடம் புகார் வாசிக்காதீர்கள், மார்க் ஷீட்டை எடுக்காதீர்கள். மருத்துவமனையில் ஆலோசகர் இருந்தால் அவரையும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா நண்டு கம்பெனி வேலைக்குப் போகிறவராக இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள், அரைநாள் கூலி போகக் கூடாது.