தண்ணீரில் விழுகிற பாதி

அன்புள்ள அம்மா,

மினியாபொலிஸில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஓஜிப்வே பழங்குடியினரைப் பற்றி ஒரு பிராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். இருவருமாக உட்கார்ந்து அட்டையில் ஒரு விக்வாம் குடிசை செய்தோம். இவர்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தவர்கள், விவசாயம் அறியாதவர்கள், ஏரிகளில் தானாக விளைந்த காட்டரிசியைச் சேகரித்து உண்டவர்கள் என்று படித்தோம். மகளுக்குக் கொடுக்க நல்ல புத்தகம் ஒன்று சொல்ல முடியுமா? கடையில் அந்தக் காட்டரிசியையும் வாங்கிச் சமைத்துப் பார்த்தோம். ஒரு மணி நேரம் வேகவைத்தும் ரப்பர் மாதிரி இருந்தது. இதுவும் நம் கருப்புக் கவுனியும் ஒன்றுதானா? காரில் தொங்கவிடுகிற ட்ரீம் கேட்ச்சர் இவர்களுடையது என்கிறார்களே, உண்மையா?

எஸ்., மினியாபொலிஸ்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அலமாரியைத் துடைக்கும்போது ஒரு கண்ணாடி ஜாடியைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அடியில் இரண்டு கைப்பிடி மனோமின் மிச்சம் இருக்கிறது. நீங்கள் காட்டரிசி என்று எழுதுவதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அது. நாலு வருடமாக அதைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்தப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கவுனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கவுனி நெல். மனோமின் தண்ணீரில் வளரும் வேறொரு புல், நெல்லுக்குத் தூரத்து உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம். ட்ரீம் கேட்ச்சர் அவர்களுடையதுதான். குழந்தையின் தொட்டில் பலகைக்கு மேலே, சிலந்தி வலை வடிவில், காப்பாகக் கட்டுவது. கார் கண்ணாடிக்கு அங்கே வேலை இல்லை.

இனி கோபத்துக்கு வருகிறேன். "வாழ்ந்தவர்கள்", "உண்டவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே இருந்துகொண்டு இதை எழுதுகிறீர்கள் என்று யோசித்தீர்களா? உங்கள் ஊர் ஃப்ராங்க்ளின் அவென்யூவில் நடந்து பாருங்கள். பழங்குடியினரின் உரிமைக்காகப் போராடிய அமெரிக்க இந்தியர் இயக்கத்தை 1968-இல் தொடங்கியவர்களில் டென்னிஸ் பாங்க்ஸும் கிளைட் பெல்கோர்ட்டும் ஓஜிப்வேக்கள், தொடங்கிய ஊர் மினியாபொலிஸ். உங்கள் மினசோட்டா மாநிலத்தில் மட்டும் ஏழு ஓஜிப்வே ஒதுக்கீட்டுப் பகுதிகள் (ரிசர்வேஷன்) இருக்கின்றன. அவற்றுக்குச் சொந்த அரசாங்கம் உண்டு, நீதிமன்றம் உண்டு. ஐந்தாம் வகுப்பு புவியியலில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த மிசிசிப்பி அவர்கள் மொழிச் சொல். மிசி-சீபி, பெரிய ஆறு. அந்த ஆற்றுப் பாலத்தை நீங்கள் எத்தனை முறை கடந்திருப்பீர்கள்! அட்டைக் குடிசையின் கீழே மகள் "வாழ்ந்தார்கள்" என்று எழுதியிருந்தால் இன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். குடிசை இருக்கட்டும், குழந்தை கையால் செய்தது. ஆனால் இன்று அவர்கள் உங்களைப் போலவே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும்.

விவசாயம் அறியாதவர்கள் என்ற வார்த்தைக்கு வருகிறேன். உங்களைத் திட்ட எனக்குப் பெரிய உரிமை இல்லை, நானும் அதையே நினைத்தவள்தான். முடிந்த இடங்களில் அவர்கள் சோளமும் பூசணியும் போட்டவர்கள் என்பதை ஒரு பக்கம் வைத்துவிடலாம். நான் சொல்லவந்தது மனோமினைப் பற்றி.

அண்ணன் மகள் உங்கள் மாநிலத்து டுலூத் ஊரில் இருக்கிறாள். நாலு வருடத்துக்கு முன் நான் அங்கே போயிருந்தபோது, செப்டம்பர் முதல் வாரம், அவளுடன் வேலை பார்க்கும் ஓஜிப்வே பெண் ஒருத்தி, "ஏரிக்குப் போகிறோம், அத்தையையும் கூட்டிக்கொண்டு வா" என்று கூப்பிட்டாள். கரையில் நின்றபோது முதலில் எனக்கு ஏரியே தெரியவில்லை. ஆளுயரத்துக்கு மேல் புல், பழுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. தண்ணீரில் இறங்கும் முன் அவள் ஒரு சிட்டிகை புகையிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லி நீரில் விட்டாள். அப்புறம் படகு புல்லுக்குள் போய்விட்டது.

அவள் தம்பி பின்னால் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ளினான். வேரைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கழியின் நுனியில் கவை வைத்திருக்கிறார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையிலும் தேவதாருக் குச்சிகள் வைத்திருந்தாள். ஒரு குச்சியால் தாள்களைப் படகின் விளிம்புக்கு மேல் வளைக்கிறாள், மற்றதால் மேலே ஒரு தடவு. தட்டுவது என்றுதான் சொல்கிறார்கள், பார்த்தால் தலைவாரிவிடுகிற மாதிரி இருந்தது. பழுத்த மணி மட்டும் உதிர்கிறது. பால் பிடித்துக்கொண்டிருப்பது கதிரிலேயே நிற்கிறது. பலமாக அடித்தால் தாள் ஒடிந்துவிடும், நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தால் எடுக்க ஒன்றும் இருக்காது. அந்தக் குச்சி 30 அங்குலத்துக்கு மேல் நீளமோ ஒரு பவுண்டுக்கு மேல் கனமோ இருக்கக் கூடாது என்று மினசோட்டா மாநிலச் சட்டமே சொல்கிறது.

அவர்கள் கரையோரமாகத் திரும்பி வந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டேன். படகுக்குள் விழுகிற மணி சரசரவென்று விழுந்தது. கூடவே தண்ணீரில் விழுகிற மணியின் சத்தமும், தூறல் மாதிரி. எனக்கு மனசு அடித்துக்கொண்டது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்தவள். களத்தில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளாமல் பாட்டி எழுந்திருக்க மாட்டாள். "பாதி வீணாகத் தண்ணீரில் போகிறதே, அந்தப் பக்கம் ஒரு துணியாவது கட்டக் கூடாதா?" என்று கேட்டேவிட்டேன். அண்ணன் மகள் மொழிபெயர்க்கக் கூச்சப்பட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "அது ஏரியுடையது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எஸ்., நெல்லை மனிதன் நெல்லாக்கிய கதை என்ன? காட்டு நெல் பழுத்தால் உதிர்ந்துவிடும். உதிராமல் கதிரிலேயே காத்திருந்ததைப் பொறுக்கிப் பொறுக்கி விதைத்து, அரிவாளுக்காக நிற்கிற பயிராக அதை மாற்றினோம். அதற்குப் பெயர் விவசாயம் என்கிறோம். இவர்கள் அந்தப் புல்லை உதிரவிட்டார்கள். அதன் உதிர்தலுக்குத் தோதாகத் தங்கள் கையை, குச்சியை, படகை, நாட்காட்டியைப் பழக்கிக்கொண்டார்கள். கதிரில் மணிகள் ஒன்றாகப் பழுப்பதில்லை, மேலிருந்து கீழாகச் சில நாட்களில் பழுக்கின்றன. அதனால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள். எந்த ஏரியை எந்த நாளில் திறப்பது என்று முடிவு செய்யப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் முன் யாரும் படகை இறக்கக் கூடாது. அந்தக் காலத்தில் பழுக்கும் முன்பே பெண்கள் போய்த் தாள்களைக் கட்டுக்கட்டாக மரப்பட்டை நாரால் கட்டிவிட்டு வருவார்கள். பறவைக்கும் காற்றுக்கும் காவல், இன்ன குடும்பத்தின் பங்கு என்பதற்கும் அதுவே அடையாளம். வரப்பு இல்லாத வயல் அது.

தண்ணீரில் விழுந்த மணிக்கு நீளமான வால் உண்டு, அதில் பின்னோக்கிச் சாய்ந்த சுணை உண்டு. கையில் ஏறினால் நம் நெல் சுணையைவிட மோசம். அந்தச் சுணைதான் மணியைச் சேற்றுக்குள் ஈட்டி மாதிரி இறக்குகிறது. பனிக்கட்டிக்கு அடியில் மூன்று மாதமாவது குளிர்ந்து கிடந்தால்தான் முளைக்கும். எல்லாம் அடுத்த வருடமே முளைக்காது, சில மணிகள் சேற்றில் வருடக்கணக்கில் தூங்கும். ஒரு வருடம் வெள்ளத்தில் பயிர் போனாலும் ஏரியிடம் கையிருப்பு இருக்கும். நான் வீணாகிறது என்று துடித்தது அந்தக் கையிருப்பைப் பார்த்துத்தான். தானாக விளைந்தது என்று நீங்கள் எழுதினீர்களே, அந்தத் "தானாக" என்ற சொல்லுக்குள் இத்தனை பேருடைய கை இருக்கிறது. பயிர் அழிந்துபோன ஏரிகளிலும் முகத்துவாரங்களிலும் இன்றைக்கும் அவர்கள் படகில் போய் விதை தூவுகிறார்கள்.

ஏன் அழிந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் இந்தப் பயிரின் இலைகள் நீர்மேல் தலைமுடி விரித்த மாதிரி படுத்துக் கிடக்கும். வேர் இன்னும் சரியாகப் பிடித்திருக்காது. அந்த நேரத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் அப்படியே பெயர்ந்து மிதந்துவிடும். 1920களில் விஸ்கான்சினில் சிப்பெவா ஆற்றில் ஓர் அணை கட்டினார்கள். லாக் கூர்ட் ஓரெய் என்ற ஓஜிப்வே பிரிவினரின் மனோமின் விளைந்த நீர்நிலைகள், ஒரு கிராமம், இடுகாடு எல்லாம் தண்ணீருக்கடியில் போயின.

நீங்கள் வாங்கிய பாக்கெட்டுக்கு இப்போது வருகிறேன். கறுப்பாக, பளபளவென்று, எல்லா மணியும் ஒரே அளவில் இருந்ததா? அப்படியானால் அது ஏரியில் விளைந்ததல்ல. 1960களில் இந்தப் புல்லிலும் உதிராத ரகங்களைத் தேடிப் பிடித்து, வரப்புக் கட்டிய வயலில் போட்டு, இயந்திரத்தால் அறுக்க ஆரம்பித்தார்கள். பிறகு கலிஃபோர்னியாவிலும் பெரிய அளவில் போட்டார்கள். கையால் எடுத்தவர்களுக்கு விலை படுத்துவிட்டது. உங்கள் மாநிலத்தில் வயலில் விளைந்ததைப் "பயிரிடப்பட்டது" என்று உறையில் அச்சிட்டுத்தான் விற்க வேண்டும், அடுத்த முறை அந்தச் சொல்லைப் பார்த்து வாங்குங்கள். ஏரியில் எடுத்து விறகுத் தீயில் வறுத்தது பழுப்பும் பச்சையும் சாம்பலுமாகக் கலந்து இருக்கும், அரை மணிக்குள் வெந்து மலர்ந்துவிடும்.

வறுத்ததையும் பார்த்தேன். முற்றத்தில் பெரிய இரும்புக் கொப்பரை, துடுப்பால் ஓயாமல் கிளறுகிறார்கள். முதலில் ஈர வைக்கோல் வாசனை, அப்புறம் மெல்லப் பொரி வாசனைக்கு மாறுகிறது. (அவர்கள் மொழியில் பெயர்ச்சொற்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டாகப் பிரியும். உயர்திணை, அஃறிணை படித்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். கல்லும் கொப்பரையும் உயிருள்ளவையில் சேரும்.) வறுத்ததைத் தரையில் மரம் பதித்த குழியில் கொட்டி, சுத்தமான மான்தோல் செருப்பு போட்ட பையன் ஒருவன் இரண்டு பக்கமும் கம்பைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஆடினான். முழு எடையையும் போட்டால் மணி நொறுங்கும், கால் பூனை மாதிரி இறங்க வேண்டும். ஏரியிலிருந்து வந்ததில் ஏறக்குறைய பாதிதான் கடைசியில் தேறுமாம்.

புடைக்க பூர்ச்சமரப் பட்டையில் செய்த தட்டு. நம் முறம் போல ஒரு பக்கம் திறந்திருக்காது, நாலு பக்கமும் தாழ்வாக மடித்துத் தைத்திருக்கும். அந்தப் பெண் அதை என்னிடம் நீட்டினாள். முப்பது வருடமாக நான் முறம் தொட்டதில்லை. வாங்கி இரண்டு வீச்சு வீசியதும் உமி காற்றோடு போய்விட்டது, மணி தட்டிலேயே திரும்பி விழுந்தது. பாட்டியின் மணிக்கட்டு எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. கிளம்பும்போது அவர் கட்டிக் கொடுத்ததில் மிஞ்சியதுதான் என் ஜாடியில் இருப்பது.

உங்கள் மினியாபொலிஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்னெல்லிங் கோட்டை இருக்கிறதே, அங்கேதான் 1837-இல் ஓஜிப்வேக்கள் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் போட்டார்கள். அதன் ஐந்தாம் பிரிவில் வேட்டையோடும் மீன்பிடிப்போடும் மனோமின் எடுக்கும் உரிமையையும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். நிலம் கையைவிட்டுப் போகிற நேரத்திலும் ஒரு புல்லின் பெயரைச் சொல்லிக் கேட்டவர்கள் அவர்கள். அந்த உரிமைகள் இன்னும் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. 2018-இல் ஒயிட் எர்த் ஓஜிப்வேக்கள் மனோமின் என்கிற அந்தப் பயிருக்கே சட்டப்படி சொந்த உரிமைகள் உண்டு என்று சட்டம் இயற்றினார்கள். விவசாயம் அறியாதவர்கள் என்று இனி யாரைப் பற்றியும் இவ்வளவு லேசாக எழுதாதீர்கள், தயவுசெய்து.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். நூலகத்தில் ஓஜிப்வேக்களே எழுதிய சிறுவர் புத்தகங்களாகப் பார்த்து எடுங்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் ஓஜிப்வே அகராதியில் பெரியவர்களின் குரலிலேயே சொற்களைக் கேட்கலாம், மகளுக்குப் பிடிக்கும். அவர்களுடைய புனிதக் கதைகள் கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் உடனே படித்துக் காட்டாதீர்கள். தரையில் பனி கிடக்கும்போது மட்டுமே சொல்ல வேண்டிய கதைகள் அவை. அதுவரை மேல் தட்டில் இருக்கட்டும், அவள் கேட்டு நச்சரிக்கட்டும். முதல் பனி விழுந்ததும் எடுத்துக் கொடுங்கள், எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.