ஐசியுவில் சிக்னல் இல்லை: பூஸ்டர் வாங்கலாமா?

கேள்வி: கீழக்கரைப் பக்கம் நான்கு மாடி மருத்துவமனை ஒன்றில் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். 180 படுக்கைகள். தரைத்தளத்தில் நடுவாக இருக்கும் ஐசியுவிலும் ஸ்கேன் பகுதியிலும் செல்போன் எடுப்பதே இல்லை. இரவில் டியூட்டி டாக்டரைக் கூப்பிட ஆள் ஓட வேண்டியிருக்கிறது. மதுரையிலிருந்து வந்த ஒருவர் 45 ஆயிரம் ரூபாய்க்கு பூஸ்டர் வைத்தால் எல்லா கம்பெனி சிக்னலும் முழுதாக வரும் என்கிறார். வாங்கலாமா? வென்டிலேட்டருக்குப் பாதிப்பு வருமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

அவர் விற்கிற பெட்டிக்குப் பெயர் ரிப்பீட்டர். மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா டவர் சிக்னலைப் பிடிக்கும், பெட்டி அதைப் பெருக்கும், உள்ளே இன்னொரு ஆன்டெனா அதைப் பரப்பும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போனிலிருந்து டவருக்குத் திரும்பிப் போகும் பாதையிலும் அது பெருக்குகிறது. பேச்சோடு இரைச்சலும் சேர்ந்து பெருகி டவர் மேல் போய்க் கொட்டும். டவருக்குக் காது அடைத்துப்போகும். அதே டவரை நம்பித்தான் ஊரில் மற்றவர்களும், கரையை ஒட்டித் தொழில் பார்க்கிற நாட்டுப்படகுக்காரர்களும் பேசுகிறார்கள்.

நான் வேலையில் இருந்த காலத்தில், இந்தக் கரையோரம் ஒரு டவரில் சாயங்காலமானால் கால் அறுந்துகொண்டே இருந்தது. படகுக்காரர்கள் வந்து வந்து புகார் சொன்னார்கள். கையில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்தோம். கடைசியில் போய் நின்றது ஒரு மருத்துவமனையின் மொட்டைமாடியில். பெட்டியை விற்றவரின் போன் சுவிட்ச் ஆஃப். அதிகாரிகள் முன்னால் பதில் சொல்ல நின்றவர், உங்களைப் போல நிர்வாகம் பார்த்த ஒரு நல்ல மனிதர். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

உரிமமில்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாக இருந்தது. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை. 'கவர்ன்மென்ட் அப்ரூவ்டு' என்று பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். ஜிஎஸ்டி பில்லும் தருவார். பில் இருப்பதால் அது உரிமம் ஆகிவிடாது. மொபைல் கம்பெனியே தன் அலைவரிசையில் வைக்கும் ரிப்பீட்டர் வேறு விஷயம், அதில் சிக்கல் இல்லை.

சிக்னல் ஏன் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்வது சுலபம். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது சிக்னலின் பலம் நூறில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். முகப்பில் பளபளவென்று ஏசிபி ஷீட் அடித்திருக்கிறீர்களா? அதன் இரண்டு பக்கமும் அலுமினியம். சிக்னலுக்கு நீங்களே கதவைச் சாத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வென்டிலேட்டர் பற்றிய பயத்துக்கு வருகிறேன். சிக்னல் மோசமான இடத்தில்தான் போன் தன் முழு பலத்தில் கத்துகிறது. ஆன்டெனா பக்கத்தில் இருந்தால் அது மெதுவாகப் பேசினாலே போதும். ஆக, முறையாக சிக்னல் கொண்டுவருவது கருவிகளுக்கு நல்லதுதான். அப்படியும் வென்டிலேட்டர், மருந்து பம்ப் இவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நின்று பேசச் சொல்லுங்கள்.

சரி, இந்த வாரமே என்ன செய்யலாம்? வைஃபை காலிங், அதாவது டவர் சிக்னல் இல்லாவிட்டாலும் வைஃபை வழியாக வழக்கமான எண்ணிலேயே கால் பேசும் வசதி. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிவிட்டன. தனி ஆப் வேண்டாம், போன் செட்டிங்கில் ஆன் செய்தால் போதும். ஐசியுவிலும் ஸ்கேன் பகுதியிலும் வைஃபை பெட்டி வையுங்கள். ஊழியர்களுக்கு ஒரு பாஸ்வேர்டு, நோயாளியுடன் வந்தவர்களுக்கு வேறு. பெட்டிக்கு யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். கரன்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டி வரும்.

நிரந்தரத் தீர்வு, கட்டடத்துக்குள்ளேயே மொபைல் கம்பெனி அமைக்கும் ஏற்பாடு. ஒரு சிறிய அறையில் கருவிகள், அங்கிருந்து ஒவ்வொரு மாடிக்கும் கேபிள், கூரையில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி சின்னச் சின்ன ஆன்டெனாக்கள். இதைக் கேட்டுக் கடிதம் எழுதும்போது 'சிக்னல் இல்லை' என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் 'அபவுட் போன்', அதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' போனால் சிக்னல் பலம் மைனஸ் எண்ணில் இருக்கும். மைனஸ் 85 என்றால் நல்லது, மைனஸ் 115 என்றால் மோசம். ஒவ்வொரு கம்பெனி சிம்மையும் போட்டு வார்டு வார்டாக நடந்து எழுதி, அந்தத் தாளை இணையுங்கள்.

கஸ்டமர் கேரில் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். 'உங்கள் பகுதியில் நெட்வொர்க் சீராக உள்ளது' என்று குறுஞ்செய்தி அனுப்பிப் புகாரை மூடிவிடுவார்கள். வாசலில் நின்று அளந்துவிட்டு ஐசியு சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்த ஆய்வு அறிக்கையை நானே படித்திருக்கிறேன். புகார் எண்ணை வைத்து 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கட்டும்போதே யோசிக்காததுதான் இத்தனைக்கும் வேர். தமிழ்நாட்டில் 2003-இலிருந்து மழைநீர் சேகரிப்பு இல்லாமல் கட்டடம் கட்ட முடியாது. நல்ல விஷயம். ஆனால் செல்போன் கேபிளுக்குக் குழாய் விட்டிருக்கிறாயா என்று நான் போன எந்த பிளான் அப்ரூவல் அலுவலகத்திலும் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கட்டடங்களின் டிஜிட்டல் வசதிக்கு மதிப்பெண் போடும் விதிகளை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்ததே 2024-இல்தான். அதுவரை நோயாளியின் மகன் வராந்தாவில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றதெல்லாம் யார் கணக்கில்?

அடுத்து, ஒப்பந்தம். இடைத்தரகர் ஒருவர் வந்து 'எல்லாம் இலவசம், கையெழுத்து மட்டும் போடுங்கள்' என்பார். உள்ளே படித்தால், பத்துப் பதினைந்து வருடத்துக்கு வேறு எந்தக் கம்பெனியையும் கட்டடத்துக்குள் விடக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். அப்புறம் நோயாளிகளில் பாதிப் பேருக்கு சிக்னல் வராது. இப்படி ஒருவருக்கே எழுதிக்கொடுப்பது கூடாது என்று டிராய் 2017-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. எல்லா கம்பெனிகளும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்று எழுதினால் மட்டுமே கையெழுத்துப் போடுங்கள்.

ஓரிடத்துக்கு மட்டும் சிக்னல் வேண்டவே வேண்டாம்: எம்ஆர்ஐ அறை. அதன் சுவர், கூரை, தரை, கதவு எல்லாவற்றிலும் செம்புத் தகடு பொதிந்திருக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். 1.5 டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) மெஷின் 64 மெகாஹெர்ட்ஸ் அருகில் உடம்பிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலையைக் கேட்டுத்தான் படம் போடுகிறது. எஃப்எம் ரேடியோ அலைவரிசைக்குக் கொஞ்சம் கீழே அது. வெளி அலை புகுந்தால் படத்தில் கோடு கோடாக விழும். 'ஸ்கேன் ரூமுக்கும் ஒரு ஆன்டெனா போட்டுவிடலாம் சார்' என்று கேபிள் இழுக்க வருகிறவர் டிரில்லிங் மெஷினை எடுத்தால் உடனே தடுத்துவிடுங்கள். அந்த ஒரு ஓட்டை போதும், தகட்டைச் சரிசெய்ய மெஷின் கம்பெனியின் ஆள்தான் வர வேண்டும், அத்தனை நாளும் ஸ்கேன் நிற்கும். சிக்னலுக்காகக் கதவைத் திறந்து வைப்பதும் அதே தப்பு. மெஷினின் காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டே இருப்பதால் போனே அந்த அறைக்குள் போகக்கூடாது. டெக்னீஷியன் உட்காரும் வெளி அறையில் ஆன்டெனா வைக்கலாம். ஒரு இன்டர்காமும் வையுங்கள்.

கடைசியாக, மாடியில் எது வைத்தாலும் உப்புக்காற்றை மறக்காதீர்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைச் சோதிக்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மையம் வைத்திருக்கிறது. நம் கரையின் காற்று அப்படிப்பட்டது. கிளாம்ப், நட்டு, போல்ட் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒவ்வொரு கேபிள் இணைப்பிலும் ரப்பர் டேப் சுற்ற வேண்டும், வருடம் ஒருமுறை பிரித்துப் பார்த்து மீண்டும் சுற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.