இன்ப அதிர்ச்சியும் இங்கிலீஷ் ஷாக்கும்
(ஆங்கிலம் அறிவோம்: வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியையின் பதில்கள்)

கேள்வி: துரைப்பாக்கத்தில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறேன். லண்டனில் இருக்கும் மேலதிகாரி என் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார். சந்தோஷத்தில் 'ஐ வாஸ் ஷாக்ட் டு ரிசீவ் யுவர் கார்டு' என்று மெயில் போட்டேன். 'உங்கள் மனம் புண்படும்படி அதில் ஏதாவது இருந்ததா?' என்று பதில் வந்தது. என்னிடம் இருக்கும் சின்ன அகராதியில் சர்ப்ரைஸ், அமேஸ், அஸ்டானிஷ், ஷாக், ஸ்டார்ட்டில் எல்லாவற்றுக்கும் 'ஆச்சரியப்படுத்து, திகைக்க வை' என்றே போட்டிருக்கிறது. எதை எங்கே எழுதுவது, டீச்சர்?
(ஒரு வாசகி, வேளச்சேரி)

பதில்: உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாதும்மா. 'இன்ப அதிர்ச்சி' என்று பத்திரிகைகளில் படித்துப் படித்து, அதிர்ச்சி என்றால் ஷாக், ஆகவே இதுவும் ஷாக் என்று கை தானாக எழுதியிருக்கிறது. வடசென்னைப் பள்ளிகளில் நான் பாடம் நடத்திய காலத்திலும் நல்லா படிக்கிற பிள்ளைகளே இப்படித்தான் எழுதினார்கள். நம் இன்ப அதிர்ச்சி ஆங்கிலத்தில் 'ப்ளெசன்ட் சர்ப்ரைஸ்'. நீங்கள் எழுதியிருக்க வேண்டியது 'ஐ வாஸ் டிலைட்டட் அண்ட் சர்ப்ரைஸ்ட்'. மேலதிகாரிக்கு ஒரு வரி விளக்கம் எழுதிவிடுங்கள். புரிந்துகொள்வார்.

ஷாக் பிரெஞ்சு வழியாக வந்த சொல். இரண்டு படைகள் நேருக்கு நேர் மோதுவதைச் சொல்லத்தான் முதலில் பயன்பட்டது. அந்த மோதலின் வலி இன்னும் அதில் இருக்கிறது. சாவுச் செய்தி, விபத்து, காது கூசும் பேச்சு, ஒருவர் செய்யக் கூடாததைச் செய்தது, இவற்றுக்குத்தான் ஷாக்ட். விளையாட்டுப் பக்கத்தில் 'ஷாக் விக்டரி' என்று போடுவார்கள். அங்கேகூட அது தோற்ற பக்கத்துக்கு விழுந்த அடி.

உங்கள் அகராதி மேல்தான் எனக்கு வருத்தம். ஐந்து வினைகளுக்கு ஒரே பொருள் எழுதுகிற அளவுக்குத் தமிழில் சொல் பஞ்சம் கிடையாது. திடுக்கிடுவது வேறு, வியப்பது வேறு, மலைப்பது வேறு, திகைப்பது வேறு, வாயடைத்துப் போவது வேறு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) ஒன்றாக 'மருட்கை'யை, அதாவது வியப்பைச் சொல்லி, அது பிறக்கும் இடங்களையும் நான்காகப் பிரிக்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு காணாதது, மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. நம் நூல் எதனால் வியப்பு வந்தது என்று கேட்கிறது. ஆங்கில வினைகளில் பெரும்பாலானவை, வந்த வியப்பு ஆளை என்ன செய்தது என்று கேட்கின்றன. அந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி குழப்பம் தீரும்.

எதிர்பார்க்காதது நடந்தது, அவ்வளவுதான் என்றால் சர்ப்ரைஸ். சத்தம் கேட்டு உடம்பு தூக்கிவாரிப் போட்டால் ஸ்டார்ட்டில். தெருமுனையில் திடீரென்று ஆட்டம்பாம் வெடித்தால் 'ஐ வாஸ் ஸ்டார்ட்டில்ட்'. அடுத்த நிமிடமே பழைய நிலைக்கு வந்துவிடுவோம். வியந்து மலைத்து நின்றால் அமேஸ். மேஸ் என்றால் வழி தெரியாமல் சுற்றவைக்கும் அமைப்பு. இரண்டும் ஒரே குடும்பம். முன்பு குழம்ப வைப்பதைக் குறித்த அமேஸ், இன்று பெரும்பாலும் பாராட்டோடு வருகிறது.

அஸ்டானிஷ், அஸ்டௌண்ட், ஸ்டன் மூன்றும் இடியிலிருந்து பிறந்தவை. லத்தீனில் 'டோனாரே' என்றால் இடி இடிப்பது. இடியோசை கேட்ட நாகம் போல என்று நாம் சொல்வோமே, அந்த நிலை. மூன்றில் அஸ்டானிஷ் கொஞ்சம் மென்மை, அஸ்டௌண்ட் அதைவிடக் கடுமை, ஸ்டன் ஆளை அசையவிடாமல் நிறுத்திவிடும். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 271 எடுக்க வேண்டிய இந்தியா 258-க்கு ஆட்டமிழந்து, 12 ரன்னில் பாகிஸ்தானிடம் டெஸ்ட்டைத் தோற்றது. அரங்கம் உறைந்தது: 'த க்ரவுட் வாஸ் ஸ்டன்ட்.' பிறகு அதே கூட்டம் எழுந்து நின்று, ஜெயித்த அணிக்குக் கைதட்டியது. அதைப் பற்றி எழுதும்போது நான் 'அமேஸிங்' என்று போடுவேன். நம் ஊர் ஜனங்களைப் பற்றி எத்தனையோ முறை வகுப்பில் பெருமையோடு சொன்ன உதாரணம் இது.

கேள்வி: 'த போலீஸ் சர்ப்ரைஸ்ட் த தீவ்ஸ்' என்று பேப்பரில் படித்தேன். திருடர்களுக்குப் போலீஸ் என்ன ஆச்சரியம் கொடுத்தது?
(போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், ராயபுரம்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. சர்ப்ரைஸின் மூத்த பொருளே இதுதான். பழைய பிரெஞ்சில் அது மேலே பாய்ந்து பிடிப்பதைக் குறித்தது. எதிராளி தயாராவதற்குள் போய் மடக்குவது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் நம் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு வீசியது. அதைச் சொல்ல 'தி எம்டன் சர்ப்ரைஸ்ட் மெட்ராஸ்' என்று எழுதினால் போதும். ஐகோர்ட் மதிற்சுவரில் அதற்கு நினைவுக் கல் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து பக்கம்தான், ஒரு நாள் போய்ப் பாருங்கள். 'அவன் பெரிய எம்டன்' என்று நம்மவர்கள் பேசுவதும் அந்த ராத்திரி விட்டுப்போன சொல்தான். டிக்கெட் பரிசோதகரின் 'சர்ப்ரைஸ் செக்', பள்ளிக்கூடத்தின் 'சர்ப்ரைஸ் டெஸ்ட்' இரண்டிலும் இதே பொருள்.

தேர்வில் இன்னொன்றும் கேட்பார்கள். 'ஐ ஆம் சர்ப்ரைஸ்ட் அட் யூ' என்பது கண்டிப்பு. 'உன்கிட்ட இதை எதிர்பார்க்கலை' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அது. 'ஷி சர்ப்ரைஸ்ட் மீ வித் எ கேக்' என்றால் கேக் கொண்டுவந்து அசத்தினாள். அட், வித் இரண்டையும் மாற்றிப் போட்டால் பொருளே புரண்டுவிடும்.

கேள்வி: 'ஐ ஆம் சர்ப்ரைஸிங்' என்று சொல்லலாமா?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: வியப்பது நீங்கள் என்றால் கூடாது. வியப்பு வந்த ஆளுக்கு சர்ப்ரைஸ்ட், வியப்பைத் தந்த செய்திக்கு சர்ப்ரைஸிங். இன்ட்ரஸ்டட், போர்ட் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

கேள்வி: 'டேக்கன் அபேக்', 'டேக்கன் பேக்' இரண்டும் ஒன்றா? 'ஃப்ளாபர்காஸ்டட்' என்பதை ஆபீஸ் கடிதத்தில் எழுதலாமா?
(வாசகர், குரோம்பேட்டை)

பதில்: ஃப்ளாபர்காஸ்டட் என்றால் வாயடைத்துப் போவது. 1772-லேயே அதைப் புது மோஸ்தர் சொல் என்று ஓர் ஆங்கில ஆண்டுமலர் குறித்திருக்கிறது. இன்றும் அரட்டைக்கு ஏற்ற சொல்தான். நண்பர்களிடம் சொல்லுங்கள், ஆபீஸ் கடிதத்தில் வேண்டாம்.

டேக்கன் அபேக் பாய்மரக் கப்பல்காரர்களின் பேச்சு. காற்று சட்டென்று எதிர்த்திசைக்குத் திரும்பினால் பாய் பின்னால் அழுந்தி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். போய்க்கொண்டிருந்த கப்பல் தடுமாறி நிற்கும். பேச்சுவாக்கில் ஒருவர் வெடுக்கென்று ஏதோ சொல்ல, பதில் சொல்ல வராமல் ஒரு கணம் நிற்கிறோமே, அப்போது 'ஐ வாஸ் எ லிட்டில் டேக்கன் அபேக்' என்று எழுதுங்கள். மரியாதை கெடாமல் மனத்தாங்கலையும் தெரிவிக்கலாம் என்பதால் ஆபீஸ் கடிதத்துக்கு மிகவும் பொருந்தும். 'ஐ வாஸ் டேக்கன் பேக்' என்று எழுதினால், உங்களை யாரோ திரும்ப அழைத்துப் போனார்கள் என்றோ, பழைய ஞாபகத்துக்குள் போய்விட்டீர்கள் என்றோ ஆகிவிடும்.