கௌரவமான ஊரா, காய்ந்த சுவரா?

கேள்வி: கடலூரிலிருந்து மொரீஷியஸ் வந்து, ரோஸ் ஹில்லில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறோம். கணவருக்கு எபேனில் வேலை. மூன்று வயது மகனுக்கு அடிக்கடி சளி, வீசிங். கியூர்பிப்பில் பெரிய வீடு கிடைக்கிறது. 'கௌரவமான ஊர், குளுகுளுவென்று இருக்கும்' என்கிறார் புரோக்கர். அதே வாடகைக்கு காத்ர் போர்னில் சின்ன ஃபிளாட்தான். எங்கே போகலாம்? – ஒரு வாசகி

பதில்: வீசிங் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காத்ர் போர்ன்தான்.

அந்தக் கௌரவம் எப்படி வந்தது தெரியுமா? 1866-67-ல் கடலோரத் தலைநகரான போர்ட் லூயியில் மலேரியா பரவி ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, வசதியுள்ளவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள், கியூர்பிப் வளர்ந்தது. கொசுவிடமிருந்து தப்பினார்கள், சரி, மழையிடமிருந்து? சுமார் 550 மீட்டர் உயரம், தென்கிழக்குக் காற்று சுமந்து வருகிற ஈரத்தில் பெரும்பங்கை அந்த மேட்டிலேயே கொட்டிவிட்டு மிச்சத்தோடுதான் மேற்கே காத்ர் போர்ன் பக்கம் இறங்கும். இங்கே குளிர்காலமான ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் 15 டிகிரிக்கும் கீழே போகும், துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. 1960-ல் காரோல் புயல் அடித்த பிறகு இங்கே வீடுகள் கான்கிரீட்டுக்கு மாறின; புயலுக்கு அது நல்லதுதான், ஆனால் தட்டைக் கூரையின் பூச்சு விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே இறங்கிச் சுவரிலேயே குடியிருக்கும். புரோக்கர் காட்டுகிற வீட்டில் அலமாரியை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். பின்னால் கறுப்புப் புள்ளிகளாக, வீசிங்கைக் கிளப்பிவிடுகிற பூசணம் பூத்திருந்தாலோ, அந்த ஒரு சுவர் மட்டும் புதுப் பெயிண்டில் பளபளத்தாலோ, அட்வான்ஸ் பேச்சையே எடுக்காதீர்கள். அதுவும் மழை நாளில் போய்ப் பார்க்க வேண்டும். வெயில் அடிக்கிற டிசம்பர் மதியத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான்!

கியூர்பிப்புக்கும் 2022-லேயே மெட்ரோ வந்துவிட்டதே என்பார் புரோக்கர். வந்துவிட்டது. ஆனால் எபேன் போகிற மெட்ரோ கிளைப் பாதைக்கு எங்கிருந்து வந்தாலும் ரோஸ் ஹில்லில் மாற வேண்டும். கியூர்பிப்பிலிருந்து உங்கள் கணவர் வாக்குவா, ஃபீனிக்ஸ், காத்ர் போர்ன் எல்லாம் தாண்டித்தான் தினமும் ரோஸ் ஹில்லுக்கு வந்து சேர வேண்டும்.

காத்ர் போர்ன் ஒன்றும் சொர்க்கம் இல்லை. வியாழனும் ஞாயிறும் துணிச் சந்தை, அந்தப் பக்கம் காரை நிறுத்த இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். கோர் த கார்த் மலைக் கோவில் பக்கம் வீடு அமைந்தால் தைப்பூசத்தன்று காவடிக் கூட்டத்தில் தெருவில் இறங்க முடியாது (இதைக் குறை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்). உண்மையான தொல்லை தண்ணீர். கோடை மழை தள்ளிப்போய் மார் ஓ வாக்குவா நீர்த்தேக்கம் வற்றினால் குழாயில் நேரம் வைத்துத்தான் விடுவார்கள். அதனால் ஃபிளாட்டில் டேங்க் எத்தனை லிட்டர், எத்தனை குடித்தனம் அதைப் பங்கு போடுகிறது என்று கேட்டு, வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல் மாடி ஏறியும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஃபிளாட் சின்னது என்கிறீர்கள். கடலூரிலிருந்து விமானத்தில் நீங்கள் கொண்டுவந்த சாமானுக்கு அது போதாதா?